சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தவன்

"யோவ்... கண்ணு தெரியலையா?"

ஜெராக்ஸ் கடையின் தகரக் கூரைக்கு அடியில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குடையை மடக்கி உதறியவன் மட்டும் திரும்பவில்லை. திட்டு தனக்குத்தான் என்று அவனுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"உங்களைத்தான் சார்... குடை வச்சிருக்கிற மகராசா..."

திரும்பினான். அவள் கையில் மூன்று தாள்கள். மூன்றும் நனைந்து, நீல மையில் எழுதியதெல்லாம் புதுத்துணியைத் துவைத்த தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

அப்படி ஒரு மழை... லாரியிலிருந்து ஜல்லியைச் சரித்த மாதிரி தகரத்தின் மேல் கொட்டியது. அந்த இரைச்சலுக்கும் மேலே அவள் குரல் கேட்டது. மாடியில் நின்றுகொண்டு தரையில் இருப்பவர்களோடு பேசிப் பழகிய குரல் அது.

"மூணு நாளா எழுதினது. ஒவ்வொரு எழுத்தா கூட்டிக் கூட்டி... ஒரே உதறுல முடிச்சிட்டீங்க."

"மன்னிச்சிருங்க..."

"என்னது? கேட்கல."

"மன்னிச்சிருங்கன்னேன்."

"தொண்டையில பஞ்சா வச்சிருக்கீங்க? மன்னிப்பைக் கூடவா ரகசியமா கேட்பாங்க?"

அவள் கட்டடத்தில் கம்பி கட்டுகிறவள். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே இருபத்து நாலு வயதில், சங்க அலுவலகத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். கம்பி முறுக்கும் இரும்புக் கொக்கி பிடித்துக் காய்த்துப்போன விரலுக்குப் பேனா ஒரு துரும்பு. பிடித்தால் நழுவும்... அழுத்தினால் தாள் கிழியும். அப்படி எழுதிய மூன்று பக்கம். இந்தக் கோபத்தை அதிகம் என்று சொல்கிறவர்கள், இருபத்து நாலு வயதில் 'அ' போட்டுப் பார்க்கட்டும்.

"நீங்க சொல்லுங்க... நான் எழுதித் தர்றேன்" என்றான் அவன்.

"கையெழுத்து நல்லா இருக்குமா?"

"படிக்கிற மாதிரி இருக்கும்."

"திமிரப் பாரு..."

கடைக்கார அக்கா உள்ளேயிருந்து ஒரு முக்காலியைக் காலால் தள்ளினாள். "ஏம்மா, மழை விடுற வரைக்கும் அவரு சும்மாதானே நிக்கப்போறாரு. எழுதட்டும். ஓரமா உட்காருங்க, மெஷின் மேல தண்ணி தெறிக்குது."

அவன் முக்காலியில் உட்கார்ந்தான். அவள் கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்தாள். அவன் பேனாவைத் திறந்தபோதுதான் அவன் கண்களைக் கவனித்தாள். சுற்றிலும் கறுத்து, ஆழத்துக்குப் போன கண்கள்... யாரையும் நேராகப் பார்க்கக் கூசுகிற கண்கள். 'பாவம், தூங்கி எத்தனை நாளாச்சோ' என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே நனைந்த தாளைப் பார்த்து அந்த நினைப்பை விரட்டிவிட்டாள்.

"எழுதுங்க. பெறுநர், புகார் அலுவலர்..." அவள் அந்த ஆப்பின் பெயரைச் சொன்னாள். ஊரே அதில்தான் வீடியோ போடுகிறது, ஊரே அதில்தான் பார்க்கிறது. அவன் பேனா ஒரு நொடி தயங்கியது.

"என் அண்ணன் நாலாவது மாடிச் சாரத்துலேருந்து விழுந்துட்டான். இடுப்புக்குக் கீழ அசைவு இல்ல. குடிச்சிட்டு பெல்ட்டை அவனே கழட்டினான்னு கம்பெனி சொல்லுது. பொய். பெல்ட்டை மாட்டுற கயிறே அன்னைக்குக் கட்டல. பாருங்க கயிறு இல்ல, பாருங்க கயிறு இல்லன்னு நான் போன்ல லைவ் போட்டுக் காட்டிக்கிட்டிருந்தேன்... அப்பதான் விழுந்தான்."

அவள் நனைந்த தாளை மடியில் வைத்து உள்ளங்கையால் தேய்த்து விரித்தாள்.

"நாப்பது நிமிஷம் இருந்துச்சு. அப்புறம் 'கோரக் காட்சி'ன்னு சொல்லி அழிச்சிட்டாங்க."

"வேற... காப்பி எதுவும்?"

"சூப்பர்வைசர் போனைப் புடுங்கி, தூணுக்கு அடிச்ச பெட்டிக்குள்ள எறிஞ்சான். கலவை ஊத்திக்கிட்டிருந்த நேரம். இன்னைக்கும் அது மூணாவது தூணுக்குள்ளதான் இருக்கு. வேணும்னா போய்த் தட்டிப் பாருங்க." சிரித்தாள். சிரிப்பில் ஈரமே இல்லை. "அழிச்சதை அந்த ஆப்புக்காரங்க முப்பது நாள் வச்சிருப்பாங்களாம். அதுக்கப்புறம் அடியோட போயிருமாம். இன்னைக்குப் பதினெட்டாவது நாள். அது போச்சுன்னா என் அண்ணன் குடிகாரன்தான்."

அவன் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தான்.

"இதையும் எழுதுங்க... அடையாளத்துக்கு. ஒரு மஞ்ச ஹெல்மெட் உருண்டு வந்து போன் முன்னாடி நிக்கும். அதுல அண்ணன் பொண்ணு ஒட்டின பூ ஸ்டிக்கர் இருக்கும்."

பேனா நின்றுவிட்டது.

"மஞ்சளா...?" என்றான்.

"ஆமா, மஞ்சள். ஏன்?"

"ஒண்ணுமில்ல..."

ஒண்ணுமில்லாமல் இல்லை. அந்த ஹெல்மெட்டை அவன் பார்த்திருக்கிறான். பூ ஸ்டிக்கர் மேலே வந்து நின்றதைக்கூட... ஆனால் அவன் பார்த்தபோது அது சாம்பல் நிறத்தில் இருந்தது.

எதிர்க் கட்டடத்தின் நாலாவது மாடியில் ஜன்னல்களுக்கெல்லாம் உள்பக்கமாக வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கும். அங்கேதான் அவனுக்கு வேலை. அந்த ஆப்பில் யாராவது புகார் சொன்ன பதிவுகள் அவன் திரைக்கு வரும். வைக்கலாமா, அழிக்கலாமா... புகார் வந்த இடத்துக்கு நேராகத் தாவி, ஒரு பதிவுக்கு எட்டு விநாடி. ஒரு நாளைக்கு மூவாயிரம் பதிவு. வெட்டு, குத்து, விபத்து, அழுகை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பழைய ஆள் ஒருவன் காதோடு சொல்லிக்கொடுத்தான்: "சத்தத்தை அணைச்சிரு. கலரை எடுத்துரு. டபுள் ஸ்பீடு வை. இல்லன்னா ஆறு மாசத்துல பைத்தியம் பிடிக்கும்." அங்கே எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். பார்த்ததைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

'சொல்லிவிடு' என்றது மனசு.

அதற்குப் பதிலாக அவன் கை வேகமாக எழுதியது. "அநியாயத்தை எடுத்துச் சொல்லப் போட்ட பதிவுல ரத்தம் இருந்தாலும் அழிக்கக் கூடாது. மேல ஒரு திரை போட்டு மறைச்சுத்தான் வைக்கணும். அவங்க விதியிலேயே இருக்கு. அழிச்சா காரணத்தை விவரமா சொல்லணும், அது சட்டத்துல இருக்கு. ரெண்டையும் சேர்த்திருக்கேன்."

அவள் புருவத்தைத் தூக்கினாள். "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எதிர்ல... கம்ப்யூட்டர் வேலை. கேள்விப்பட்டிருக்கேன்."

கையெழுத்துப் போட அவளுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. அந்த ஒரு நிமிஷமும் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் ஒட்டிய ஈர முடி... நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு எழுதும் பிடிவாதம்... நிமிர்ந்தாள். கண்ணும் கண்ணும் மோதின. சிமெண்டுத் தூசியில் சிவந்த கண்கள். அந்தச் சிவப்புக்குள்ளும் மழைத்தண்ணீர் மாதிரி என்னமோ பளபளத்தது...

எட்டு விநாடிக்கு மேல் அவன் எதையும் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

பதில் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு வாரமும் நாலு மணி டீக்கு அவள் ஜெராக்ஸ் கடைக்கு வந்தாள். பதில் வந்ததா என்று கேட்கத்தான் வருவதாகச் சொல்லிக்கொண்டாள். அவனும் குடை இல்லாமலே வந்தான்.

"உங்க பேரு என்ன சார்?"

"உள்ள சீட் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. நாப்பத்திரெண்டு."

"வேலைக்குப் போறீங்களா, ஜெயிலுக்குப் போறீங்களா?"

"ஜெயில்ல ஜன்னல் இருக்கும்."

அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்த முதல் உண்மையான சிரிப்பு. கடைக்கார அக்கா மெஷினுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "ம்... மழை விட்டு நாலு நாளாச்சு, இன்னும் ரெண்டு பேரு ஒதுங்கிக்கிட்டே இருக்காங்க" என்றாள்.

மேஸ்திரி எப்படி நடப்பார் என்று அவள் நடந்து காட்டுவாள். கட்டுக்கம்பியை ஒரே முறுக்கில் எப்படி இறுக்குவது என்று அவன் விரலைப் பிடித்தே சொல்லிக்கொடுத்தாள் ஒரு நாள். பிடித்த விரலை விட இரண்டு பேருக்கும் மறந்துபோனது. 'இந்த ஆளு பேசறதே காதுல விழமாட்டேங்குது... அப்புறம் எப்படி வேலை நேரத்துல எல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கு?' என்று அவளுக்கே புரியவில்லை.

அவனுக்கு உண்மை ஒவ்வொரு நாளும் தொண்டை வரைக்கும் வந்தது. ஒவ்வொரு நாளும் டீயோடு சேர்த்து விழுங்கினான்.

இருபத்தைந்தாம் நாள் பதில் வந்தது. நாலே வரி. அவளே எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"பயிற்சி பெற்ற மனிதர் ஒருவர்... தங்கள் பதிவை முழுமையாகப் பார்த்து... எடுத்த முடிவு. மாற்ற இயலாது."

தாளைக் கசக்கினாள். மறுபடி விரித்தாள். "முழுமையாவா? முழுசா பார்த்தவன் இதை அழிப்பானா? கயிறு இல்ல, கயிறு இல்லன்னு நான் கத்தினது அவன் காதுல விழலையா? ரத்தம் கண்ணுக்குத் தெரிஞ்சுது, ரத்தம் ஏன் வந்துச்சுன்னு தெரியலையா? கீழ விழுந்தவன் அசிங்கம்... கயிறு கட்டாதவன் நல்லவன்... அவனைக் காட்டிக்கொடுத்த என் வாயி நெறிமீறல்! அந்தப் பயிற்சி பெற்ற மனுஷன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

"கிடைச்சிட்டான்" என்றான் அவன்.

"என்னது?"

"நான்தான்..."

அவள் அவனையே பார்த்தாள். ஒரு கணம் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு 'மஞ்சளா?' என்று அவன் கேட்டது நினைவுக்கு வந்தது.

அவன் சொன்னான். எட்டு விநாடி, சாம்பல் நிறம், இரட்டை வேகம்... எல்லாம். சொல்லச் சொல்ல அவன் குரல் இன்னும் தணிந்துகொண்டே போனது.

"சத்தம்?" என்றாள்.

"...வைக்கல."

"வைக்கல." அவள் அந்தச் சொல்லை மென்றாள். "என் அண்ணன் அலறினது... நான் தொண்டை கிழியக் கத்தினது... நாலு நிமிஷம். உங்க தூக்கம் கெடக்கூடாதுன்னு ஒரு பட்டனை அமுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. எனக்கு எந்தப் பட்டன் இருக்கு சார்? நான் எதை அமுக்கட்டும்?"

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்..."

"சொல்லலையே! ஏழு நாள் பக்கத்துல உட்கார்ந்து டீ குடிச்சீங்க. என் கையைப் பிடிச்சு..." குரல் உடைந்தது. உடைந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. டீக் கிளாசை அக்காவின் மேஜை மேல் 'டங்'கென்று வைத்தாள். "இனிமே என் கண்ணுல பட்டீங்க... கொக்கி கையிலதான் இருக்கும், பார்த்துக்குங்க."

போய்விட்டாள். தெருவில் வெயில் அடித்தது. அவனுக்கு மட்டும் எல்லாம் சாம்பலாகத் தெரிந்தது.

அன்றைக்கே அவள் சங்கத்தின் துணையோடு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போனாள். அந்த ஆப் அழித்ததைத் திரும்பப் போடச் சொல்லச் சட்டம் அந்தக் குழுவுக்குத்தான் அதிகாரம் கொடுத்திருக்கிறது. மனுவை வாங்கிக்கொண்ட எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "முழுமையாப் பார்த்தோம்னு அவங்க சொல்றாங்க. இல்லைன்னு நீங்க எப்படிம்மா நிரூபிப்பீங்க?" பதில் வைத்திருந்த ஒரே ஆளைக் கொக்கியால் அடிப்பேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். போய்க் கேட்கலாமா என்று ஒரு தடவை தோன்றியது. 'செத்தாலும் கேட்கமாட்டேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்தாறு போனது... இருபத்தேழு போனது...

அண்ணன் கட்டிலில் கிடந்தபடியே கேட்டான். "என்ன, நாலு மணியானா வாசலைப் பார்க்கிற? டீக்கு யாரும் கூப்பிடலையா?"

"பேசாம படு."

"நான் என்ன ஓடிப் போயா பேசுறேன், படுத்துக்கிட்டுத்தான் பேசுறேன்."

இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம் சங்கத்திலிருந்து ஆள் வந்தான். குழு உத்தரவு போட்டுவிட்டதாம். பதிவு திரும்ப வந்துவிட்டதாம், மேலே ஒரு திரையோடு. தொழிலாளர் நீதிமன்றத்துக்கும் ஒரு பிரதி போய்விட்டதாம். அவள் நம்பாமல் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள்.

"இனிமே அண்ணனை எவனும் குடிகாரன்னு சொல்ல முடியாதுக்கா... ஆனா எப்படி? நான் ஒண்ணும் நிரூபிக்கலையே?"

அக்கா இழுப்பறையைத் திறந்தாள். "மூணு காப்பி போடச் சொன்னாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு வேற சொன்னாரு. நான் நாலு போட்டேன். நான் என்ன அவரு வச்ச ஆளா?"

தாளை வாங்கினாள். 'படித்துக் காட்டட்டுமா' என்று அக்கா கேட்டதற்குத் தலையாட்டி மறுத்தாள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக, தானே...

'நான் அந்தப் பதிவை எட்டு விநாடி மட்டுமே பார்த்தேன். சத்தம் இல்லாமல், நிறம் இல்லாமல், இரட்டை வேகத்தில் பார்த்தேன். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே முடிவு செய்தேன். முழுமையாகப் பார்க்கப்பட்டது என்று நிறுவனம் சொல்வது உண்மை அல்ல. இதை வெளியில் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தெரிந்தே சொல்கிறேன்.'

கீழே அவன் முழுப்பெயர். முதல் தடவையாக அதைப் படித்தாள். நம்பர் இல்லாத பெயர்.

"இதைக் குழுவுல கொடுத்த அன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களாம்" என்றாள் அக்கா.

அவளுக்குக் கோபம் வந்தது. "யாரு கேட்டா இவரை? சொல்லாம அழிக்கிறது, சொல்லாம காப்பாத்துறது... எல்லாமே சத்தமில்லாமத்தானா இந்த ஆளுக்கு?"

"அதை நேர்லயே கேளு. வேலைக்கு விண்ணப்பம் போட காப்பி எடுக்க நாலு மணிக்கு வர்றேன்னிருக்காரு."

மூன்றரைக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நாலு மணிக்கு மழை. அவன் குடையோடு வந்தான். அவளைப் பார்த்ததும் கூரைக்கு வெளியிலேயே நின்றான். குடையை மெதுவாக... மிக மெதுவாக மடக்கினான். ஒரு சொட்டு அவள் பக்கம் தெறிக்கவில்லை.

"வாங்க" என்றாள்.

"எங்க?"

"கேள்வி கேட்காம வாங்க. கொக்கி வீட்லதான் இருக்கு."

இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை. ஜன்னலோரக் கட்டிலில் அண்ணன். "இவருதானா எட்டு செகண்டு?" என்றான். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். கட்டில் பக்கத்திலேயே நின்றான்.

"உட்காருங்க தம்பி. நிக்கிறவங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

அவள் இரவல் போனை எடுத்தாள். திரையை விலக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "நானும் இன்னும் பார்க்கல. முழுசா பார்க்கணும். சத்தத்தோட. பாதியில கண்ணை மூடினீங்க... அப்படியே எழுந்து போயிடணும்."

"எனக்கு வேணாம்பா" என்று அண்ணன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நான் நேர்லயே பார்த்துட்டேன்."

நாலு நிமிஷம் பத்து விநாடி. அவள் குரல் முதலில் வந்தது. அதட்டலாக, கிண்டலாக... "பாருங்க, கயிறு எங்க? பெல்ட்டு இருக்கு, மாட்டக் கயிறு எங்க? வானத்துல மாட்டுறதா?" பிறகு அந்த அலறல். அவன் உடம்பு தூக்கிப்போட்டது. கண்ணை மூடவில்லை. ஹெல்மெட் உருண்டு வந்தது. மஞ்சள்... பச்சைப்பிள்ளை ஒட்டிய சிவப்புப் பூ. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தபடியே இருந்தது, துடைக்கக் கைகூட எடுக்கவில்லை. அவளும் அழுதாள். ஆனால் திரையைப் பார்க்கவில்லை... அவன் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் படம் ஆடியது. சூப்பர்வைசர் ஓடிவரும் செருப்புச் சத்தம். அதற்கு முன்னால் அவள் குரல், மூச்சிரைக்க, பார்க்கிற யாருக்கோ...

"யாரு பார்த்துக்கிட்டிருக்கீங்கன்னு தெரியல... யாரா இருந்தாலும் சரி... போயிடாதீங்க. கூடவே இருங்க..."

படம் கறுத்தது.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்குக் கோபம் போகல" என்றாள்.

"தெரியும்."

"சீக்கிரம் போகாது. எதை நினைச்சாலும் வருது. உங்க குடையைப் பார்த்தாக்கூட வருது." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆனா நாலு மணிக்கு நீங்க வரலைன்னா... அதைவிட அதிகமா வருது. நாலு நாளா யாரைத் திட்டுறதுன்னே தெரியாம இருந்தேன்."

அவன் நிமிர்ந்தான். கறுத்த வளையத்துக்குள் இருந்த அந்தக் கண்கள் முதல் தடவையாகக் கூச்சமில்லாமல் அவளை நேராகப் பார்த்தன. உதடு அசைந்தது.

"என்னது? கேட்கல" என்றாள். கேட்டிருந்தது. இருந்தாலும் விடுவதாயில்லை. "தொண்டையில பஞ்சா?"

"போகமாட்டேன்..."

"மழை பெய்யுதுல்ல... சத்தமா சொல்லுங்க."

அவன் எழுந்து நின்றான். இத்தனை வருஷம் அணைத்து வைத்திருந்த சத்தமெல்லாம் ஒன்றாகத் திரண்ட மாதிரி, தெருவில் மழைக்கு ஒதுங்கியவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பும்படி சொன்னான்.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு! எவ்வளவு திட்டினாலும் போகமாட்டேன்! கூடவே இருப்பேன்!"

சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த அண்ணன் அசையாமல் சொன்னான்.

"கேட்டுச்சு தம்பி. எனக்கே கேட்டுச்சு."